சாகச் சாகப் பழகும் கை

ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலுக்கு முன்னால் மார்கிட் காத்திருக்கிறான். உடம்பெல்லாம் கொம்பு, கந்தலாகத் தொங்கும் அங்கி, கையில் நீளமான தடி. அந்தத் தடியை மெல்லத் தலைக்கு மேலே ஓங்குகிறான். ஓங்கியவன் அடிப்பான் என்று நம் விரலுக்குத் தெரியும். உருண்டு தப்பிக்கும் பட்டனை அது உடனே அழுத்திவிடுகிறது. நம் ஆள் பக்கவாட்டில் உருண்டு எழுகிறான். மார்கிட் இன்னும் அடிக்கவில்லை. ஓங்கிய தடி ஓங்கியபடி நிற்கிறது. நாம் எழுந்து நிமிரும் நேரம் பார்த்து இறக்குகிறான். திரை மங்கி, செத்துப்போனாய் என்ற செய்தி சிவப்பு எழுத்தில் வருகிறது. அடுத்த முறையும் அதே தடி, அதே இடம், அதே சாவு.

2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த ‘எல்டன் ரிங்’ கேமில் ஆட்டக்காரர்கள் முட்டிக்கொள்ளும் முதல் பெரிய எதிரி இவன். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத் தயாரிப்பு; அதன் தலைவர் ஹிடேடகா மியாசாகியின் கைவண்ணம். மூன்று வாரத்துக்குள் உலகம் முழுக்க 1.2 கோடி பிரதிகள் போயின. இந்த நிறுவனத்தின் கேம்கள் ஆளைச் சாகடிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. தெரிந்தேதான் வாங்கினார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கேம்களை ஆராயும் டென்மார்க்காரர் ஜெஸ்பர் யூல், இந்தப் புதிரைப் பற்றி 2013இல் ஒரு சிறு நூலே எழுதினார். மனிதர்கள் தோல்வியைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். கேம் ஆடினால் தோல்வி நிச்சயம். ஆனாலும் ஆடுகிறார்கள். மூன்றும் உண்மை என்றால் எங்கோ இடிக்கிறதே என்பது அவர் கேள்வி. சோகப் படம் பார்த்து அழுவதற்குக்கூடக் காசு கொடுக்கிறோமே என்று சொல்லலாம். அங்கே தோற்பது கதாநாயகன். நாம் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்னலாம். இங்கே தோற்பது நாமே. உனக்குப் போதாது என்று நம்மிடம் சொல்வதும் கேம்தான், போதும்படி ஆக்கிக்கொள்ள இடம் தருவதும் அதே கேம்தான் என்று யூல் வாதிடுகிறார். அந்த இரண்டாவது பாதிக்கு உடம்பில் என்ன ஆதாரம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஹெல்சிங்கியிலிருந்து ஆரம்பிக்கலாம். நிக்லாஸ் ரவாயாவும் அவர் சகாக்களும் 2000களின் மத்தியில் ‘சூப்பர் மங்கி பால் 2’ ஆடுபவர்களின் முகத்தில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிப் பந்துக்குள் ஒரு குரங்கு. தளத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பந்தை உருட்டி இலக்கில் சேர்க்க வேண்டும். விளிம்பு தாண்டினால் குரங்கு அதலபாதாளத்துக்குப் போய்விடும். கன்னத்துத் தசை அசைந்தால் சிரிப்பு, புருவத் தசை சுருங்கினால் எரிச்சல், தோலின் ஈரம் கூடினால் பரபரப்பு என்று கணக்கு. குரங்கு விழுந்தபோது புருவம் சுருங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சிரிப்புத் தசை அசைந்தது. பரபரப்பும் கூடியது.

இன்னும் சுவாரசியம் அதற்குப் பிறகு. கேம் அந்த விழுகையை உடனே மறுபடி ஓட்டிக் காட்டும். அதே குரங்கு, அதே பள்ளம். இப்போது முகம் வேறு மாதிரி ஆனது. எதிர்மறை உணர்ச்சியின் தடம்தான் தெரிந்தது. கைப்பிடியில் கை இருக்கும்போது தோற்பதும், கையைக் கட்டிக்கொண்டு தன் தோல்வியைப் பார்ப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. கன்னத் தசை அசைந்தால் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். சங்கடத்திலும் சிரிக்கிறவர்கள் நாம். அப்படியே இருந்தாலும், இரண்டு தோல்விகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடு அப்படியேதான் நிற்கிறது.

மறுபடி மார்கிட்டிடம் வருவோம். கண்ணில் பட்டதற்கு விரல் அசைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை ஆகும். பட்டன் எத்தனை மென்மையாக இருந்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே வேகமான எதிரியிடம் மூளை பார்த்துவிட்டுச் செயல்படுவதில்லை. முன்கூட்டியே யூகித்துச் செயல்படுகிறது. தோள் இப்படி உயர்ந்தால் அடி இத்தனை நேரத்தில் விழும் என்று சிறுமூளையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வேகப்பந்து வீச்சாளர் அதே ஓட்டம், அதே கைவீச்சோடு மெதுவான பந்தை விடும்போது பேட்ஸ்மேன் முன்னாடியே சுற்றிவிட்டு விழிக்கிறாரே, மார்கிட்டின் தடியும் அந்த ரகம். அவன் நம் உடம்பைவிட நம் யூகத்தைத்தான் அடிக்கிறான்.

யூகம் பிசகியதும் மூளை எடுத்துக்கொள்ளும் நேரம் ஆச்சரியமானது. தவறான பட்டனை அழுத்தி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியிலிருந்து ஒரு மின்சரிவு கிளம்புவதை மண்டையோட்டின் மேல் வைத்த மின்முனைகள் பதிவு செய்கின்றன. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ‘ஐயோ’ என்று நாம் வாய் திறப்பதற்குள் தவறு குறிப்பேட்டில் ஏறிவிட்டது.

அந்தக் குறிப்பை வைத்து என்ன செய்வது என்பதில்தான் டோபமைன் வருகிறது. வாட்ஸ்அப்பில் உலவும் கட்டுரைகளில் டோபமைன் என்றால் இன்ப ரசாயனம். அது பாதிக் கதைகூட இல்லை. சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டவர். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் நரம்பணு படபடவென்று துடித்தது. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு விளக்குக்கு மாறியது. சாறு வந்தபோது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே விழுந்தது. அந்த அணுக்கள் சாற்றின் ருசியை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அளந்தன. 1997இல் பீட்டர் டயான், ரீட் மான்டேகு ஆகியோருடன் சேர்ந்து அவர் இதை எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிக்கல்களில் ஒன்று.

இந்தக் கணக்கை எல்டன் ரிங்கில் வைத்துப் பாருங்கள். நிச்சயம் ஜெயிப்போம் என்று தெரிந்த சண்டையில் ஜெயித்தால் அந்த அணுக்களுக்கு அதில் செய்தி இல்லை. ஒரு மாலை முழுக்கச் செத்தவனுக்கு எதிர்பார்ப்பு தரைமட்டம். அந்த நிலையில் மார்கிட் மண்டியிட்டால் இடைவெளி மலையளவு. ஆட்டக்காரர்கள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எளிதாக்கியிருந்தால் அந்தக் கத்தல் வராது என்று இந்த ரசிகர்கள் அடம்பிடிப்பதில் நரம்பியல் நியாயம் இருக்கிறது.

கேம் ஆடும்போது மனித மூளையில் டோபமைன் சுரப்பதை நேரடியாகக் காட்டிய முதல் ஆய்வு 1998இல் லண்டனிலிருந்து வந்தது. எட்டு ஆண்கள், ஒரு டாங்கி கேம், மூளையை வருடும் பெட் ஸ்கேன். கேமுக்கும் போதைப்பொருளுக்கும் வித்தியாசமில்லை என்று நிறுவ இன்றும் பலர் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தாண்டிய ஒவ்வொரு லெவலுக்கும் அந்த எட்டுப் பேருக்கும் 7 பவுண்ட் கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் டோபமைன் கணக்கு ஒரு கேள்வியை விட்டுவிடுகிறது. மாலை முழுக்கச் சரிவுதானே? நடுவில் எழுந்து போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறோம்? இதற்குப் பதில் தேட, ஃப்ரம்சாஃப்ட்வேரின் இன்னொரு கேமான ‘செகிரோ’ நல்ல சோதனைக்கூடம். 2019இல் வந்து, அந்த ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதையும் வாங்கியது. எதிரிகளைக் கொன்று புள்ளி சேர்த்து உடம்பை இஷ்டத்துக்குப் பெருக்கிக்கொள்ளும் வசதி இதில் அநேகமாகக் கிடையாது. பலமாக வேண்டியது ஆடுகிறவரின் கை மட்டும்.

ஆஷினா கோட்டையின் உச்சியில் ஜெனிசிரோ நிற்கிறான். கதையின் தொடக்கத்திலேயே நம் கையை வெட்டியவன். வில், வாள் இரண்டிலும் தேர்ந்தவன். அவன் வாள் நம்மைத் தொடும் கணத்தில் பட்டனைத் தட்டினால் ஆரஞ்சுப் பொறி பறக்க, ‘டங்’ என்று ஓர் உலோகச் சத்தம் எழும். அவன் நிலை குலைவதைக் காட்டும் பட்டை கொஞ்சம் நிரம்பும். சற்று முன்னே தட்டியிருந்தால் அது வெறும் தடுப்பு. சத்தமே மந்தமாக இருக்கும், நிலை குலைவது நாம். பயத்தில் பட்டனை விடாமல் குத்தினால் சரியான தட்டுக்கான அவகாசம் சுருங்கிவிடும். பயத்துக்கு அபராதம் போடும் கேம் இது. ஆபத்தான அடி வருமுன் திரையில் ஒரு சிவப்பு எழுத்து மின்னும். காலை வாரும் வீச்சென்றால் குதிக்க வேண்டும், குத்தென்றால் விலகாமல் முன்னால் அடி வைத்து வாளை மிதிக்க வேண்டும். மின்னலை எறிந்தானானால் அந்தரத்தில் அதை வாங்கி, தரையில் கால் படுமுன் அவனிடமே திருப்பி எறியலாம்.

முதல் சண்டை சில நொடிகளில் முடியும். அடுத்தடுத்ததில், அம்பு எய்தபின் அவன் எட்டி வந்து வெட்டுவான் என்று தெரியும். அதற்கும் பிறகு, நீளமான அந்தத் தொடர் வெட்டின் தாளம் பிடிபடும். சண்டை என்னவோ தோல்விதான். ஆனால் அந்தச் சண்டைக்குள் வந்த இருபது வெட்டில் பதினாறை வாள் தடுத்திருக்கிறது. என் வாதம் இங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு சாவு. ஆடுகிறவரின் மூளைக்கு அது பதினாறு ‘டங்’கும் நான்கு பிசகும். ஒவ்வொரு பிசகும் முன்னாலா பின்னாலா என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறது. தோல்வி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை சிறு வெற்றிகள் ஒளிந்திருப்பதால்தான் மாலை முழுக்கச் சரிவாக இல்லை.

2019இல் ராபர்ட் வில்சன் தலைமையிலான குழு ஒரு கணிதக் கணக்கு போட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவகைக் கணினி மாதிரிகள், ஏறக்குறைய 85 சதவீதம் சரியாகவும் 15 சதவீதம் தப்பாகவும் செய்யும் கடினத்தில்தான் மிக வேகமாகக் கற்கின்றன. வாள் சண்டைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது அசட்டுத்தனம். ஆனாலும் செகிரோவை நூற்றுக்கு நூறு தோல்வி என்று பார்ப்பதா, வெட்டுக்கு வெட்டு எண்ணிப் பார்ப்பதா என்பதைப் பொறுத்து விடை எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

செகிரோ இதை நமக்கே அளந்தும் காட்டுகிறது. இறுதிப் போரில், வெள்ளிப் புல் வெளியில், உண்மையான எதிரி வருவதற்கு முன் ஜெனிசிரோ மறுபடி வந்து நிற்பான். ஒரு காலத்தில் இரவுகளைத் தின்றவன். இப்போது பலருக்கும் அவன் ஒரு நிமிட வேலை. கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான். நம் ஆளின் கத்தி அதற்குள் பிரமாதமாகக் கூர்மையாகிவிடவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்தித் தர ஆசிரியர் வேண்டாத இடம் இது.

இது எல்லோருக்கும் உடனே விளங்கியதில்லை. இந்தப் பரம்பரையின் மூத்த கேம் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ 2009இல் ஜப்பானில் வெளிவரும் தறுவாயில் இருந்தபோது, சோனியின் உயர் பொறுப்பில் இருந்த ஷுஹெய் யோஷிதா இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஆடியும் ஆரம்பத்தையே தாண்ட முடியாமல், குப்பை என்று ஒதுக்கினார். அமெரிக்காவில் அதை வெளியிட சோனி முன்வரவில்லை. அட்லஸ் என்ற நிறுவனம் எடுத்து வெளியிட்டுப் பேர் வாங்கியது. யோஷிதாவே பிற்பாடு இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மேலாளருக்கு இரண்டு மணி நேரம் பெரிய அவகாசம். கைக்கு அது போதாது.

கைக்குத் தூக்கமும் வேண்டும். நள்ளிரவு வரை முட்டி மோதி வராத சண்டை, காலையில் காபிக்கு முன்னால் முடிந்துவிடுவதை ஆட்டக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். மேத்யூ வாக்கரும் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் 2002இல் ஹார்வர்டில் இதைச் சோதித்தார்கள். பழகாத கையின் விரல்களால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் விசைகளைத் தட்டும் பயிற்சி. காலையில் பழகி மாலையில் தட்டியவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. நடுவில் ஓர் இரவு தூங்கியவர்கள் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று மூன்று மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு அறிவியல் தரக்கூடிய உருப்படியான யோசனை, போய்ப் படு.

கடினம் எல்லாமே இந்த நல்ல ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆரம்ப கால ஆர்கேட் கேம்கள் கடினமாக இருந்ததன் காரணம் காசு: சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் வந்த கேம்களிலும் ஒட்டிக்கொண்டது. தொண்ணூறுகளில் டிவி கேம் கேசட்டில் ‘கான்ட்ரா’ ஆடியவர்களுக்கு, மேலே மேலே கீழே கீழே என்று தொடங்கி முப்பது உயிர் வாங்கும் ரகசியம் நினைவிருக்கலாம். அந்த வரிசையை முதலில் 1986இல் ‘கிராடியஸ்’ கேமுக்காக வைத்தவர் கோனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. கேமைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவருக்கே அது தாண்ட முடியாத கடினமாக இருந்ததுதான் காரணம்.

எரிச்சல் கோபமாக மாறும் இடத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆன்ட்ரூ பிரிஷ்பில்ஸ்கி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஆட்டக்காரர்களின் மூர்க்கத்தைக் கூட்டியது திரையில் தெறித்த ரத்தம் அல்ல. குழப்பமான பட்டன்கள், பழகவே விடாத அமைப்பு, அதனால் வரும் ‘என்னால் முடியவில்லை’ என்ற உணர்வு ஆகியவைதான். வன்முறை துளியும் இல்லாத கேமிலும் இது நடந்தது. கன்ட்ரோலர் சுவரில் மோதுவது பெரும்பாலும் பட்டன் கேட்காதபோது, கேமரா தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது. தப்பு என்னுடையது என்று தெரிந்தால் திருத்தலாம். தப்பு எங்கே என்றே தெரியாவிட்டால் கையில் இருப்பதை எறியத்தான் தோன்றும்.

இதைவிடச் சங்கடமான பக்கம் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் 2009இல் சூதாட்ட இயந்திரத்தை மூளை ஸ்கேனருக்குள் கொண்டுவந்தார். ஒரு கட்டம் தள்ளி நின்ற சக்கரம், அதாவது ‘சே, மயிரிழையில் போச்சு’ வகைத் தோல்வி, ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை ஆடும் ஆசையைக் கூட்டியது. வெற்றியின்போது விழிக்கும் மூளைப் பகுதிகளையும் எழுப்பியது. ஜெனிசிரோவின் உயிர்ப்பட்டையில் ஒரு துளி மிச்சமிருக்கும்போது சாவதும் மயிரிழைதான். மூளையின் அந்தப் பழைய பகுதிகளுக்கு இரண்டும் ஒன்று. வாள் சண்டையில் மயிரிழை என்பது உண்மையாகவே நெருங்கிவிட்டதன் அறிகுறி. சக்கரத்தில் அதற்கு அர்த்தமே கிடையாது; அடுத்த சுழற்சிக்கு இந்தச் சுழற்சி எதுவும் கற்றுத் தராது. லாபம் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலையில்லை. நம் வீட்டு மொபைல்களில் கேம் என்ற பெயரில் சூதாட்ட இயந்திரங்கள் எத்தனை புகுந்திருக்கின்றன என்று பார்த்தால் நமக்குக் கவலை வரும்.

நடுவில் நிற்பது ‘ஃப்ளாப்பி பேர்ட்’. வியட்நாமின் டோங் ந்குயென் 2013இல் செய்தது. தட்டினால் பறவை எழும், விட்டால் விழும், குழாய்களின் இடைவெளியில் நுழைய வேண்டும். சூதாட்டம் துளியும் இல்லை, முழுக்கக் கைத்திறன். செத்த மறுகணமே மறுபடி ஆடலாம் என்பதால் நிறுத்துவதற்கான இடுக்கே இல்லாமல் போனது. உலகம் முழுக்கப் பரவி உச்சத்தில் இருந்தபோது, 2014 பிப்ரவரியில் அவரே அதைக் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார். ஆட்கள் அதற்கு அடிமையாவதைப் பார்த்துத்தான் என்றார்.

கடினம் யாருக்கு என்ற சண்டை செகிரோ வந்தபோது பெரிதாக வெடித்தது. எளிய நிலை வேண்டும் என்று ஒரு சாரார், வைத்தால் கேமே கெட்டது என்று மறு சாரார். எனக்கு முதல் கட்சி. நடுங்கும் விரலுக்கும் மங்கிய கண்ணுக்கும் அந்தத் தட்டின் அவகாசம் வேறு. 2018இல் வந்த ‘செலஸ்ட்’, மலையேறும் பெண்ணின் கதை, கொடூரமான கடினம். அதிலேயே வேகத்தைக் குறைக்கவும், சாகாமல் ஆடவும் ஒரு துணை வசதி வைத்தார்கள். அதனால் அந்தக் கேமின் மரியாதை எள்ளளவும் குறையவில்லை.

கடைசியாக, தோற்றால் எல்லாமே போய்விடும் போலத் தெரியும் ஒரு விதிவிலக்கு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பென்னட் ஃபாடி தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2017இல் அவர் வெளியிட்ட ‘கெட்டிங் ஓவர் இட்’ கேமில் டயோஜெனிஸ் என்ற மனிதன் இடுப்புவரை ஓர் இரும்புப் பானைக்குள் இருக்கிறான். கையில் ஒரு சம்மட்டி. மவுஸால் சம்மட்டியைச் சுழற்றி, கொக்கி போட்டு, குப்பையும் பாறையுமான ஒரு மலையில் ஏற வேண்டும். இடையில் பத்திரப்படுத்தும் இடம் எதுவுமில்லை. ஒரு பிசகில் மணிக்கணக்கான ஏற்றம் போய், புறப்பட்ட இடத்திலேயே கிடக்கலாம். விழும்போதெல்லாம் ஃபாடியின் குரல் தோல்வியைப் பற்றி நிதானமாகத் தத்துவம் பேசும். அந்த நேரத்தில் அவரை நேரில் பார்த்தால் என்ன செய்வோம் என்று சொல்லத் தேவையில்லை.

விழுந்ததில் என்ன போனது? உயரம். முதல் முறை ஒரு மாலையை விழுங்கிய பகுதி, விழுந்தபின் சில நிமிடங்களில் ஏறிவிடும். மறந்துபோனதாக நினைத்ததைக்கூட இரண்டாம் முறை வெகு சீக்கிரம் கற்றுவிடுகிறோம் என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து அளந்து காட்டினார். ஃபாடியின் மலையில் அதை எவரும் தன் கையிலேயே அளக்கலாம். பழகியவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஏறி முடித்தவர்கள் மட்டும் நுழையக்கூடிய ஓர் அரட்டை அறையைத் தவிர. ஒவ்வொரு முறை ஏறி முடிக்கும்போதும் பானையில் கொஞ்சம் பொன்னிறம் கூடும். முழுக்கத் தங்கமாக 50 முறை ஏற வேண்டும். ஏறியவர்கள் இருக்கிறார்கள்.